'சீசர்' என்று எழுதியிருந்தால் ஜூலியஸ் சீசர் காசா?

கேள்வி: கரூர்ப் பக்கம் கிடைத்தது என்று ஒரு தரகர் வெள்ளிக்காசு ஒன்றைக் காட்டுகிறார். லத்தீனில் 'சீசர்' என்று எழுதியிருக்கிறது. ஜூலியஸ் சீசர் காசு, மூன்று லட்சம், நாளைக்கே முன்பணம் வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

கரூர், வெள்ளலூர்ப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை ஜூலியஸ் சீசருக்குப் பின் வந்த ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் வெளியிட்டவை. சீசர் என்பது அவர்களுக்கும் குடும்பப் பெயர், காசிலும் பொறித்தார்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். கேடயங்களோடு இரண்டு இளைஞர்கள் நின்றால் அகஸ்டஸ் காசு. ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் டைபீரியஸ்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 49-இல் ரூபிகான் ஆற்றைப் படையோடு தாண்டி, ரோமில் சாட்டர்ன் கோயிலில் இருந்த அரசுக் கருவூலத்தைத் திறந்து எடுத்துக்கொண்டார். அதோடு மூண்ட உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவர் அடித்த காசில்கூட அவர் முகம் இல்லை. பாம்பை மிதிக்கும் யானைதான் இருக்கிறது. எதிரிகளை ஒழித்து, கி.மு. 44 தொடக்கத்தில் வாழ்நாள் சர்வாதிகாரி ஆன சமயத்தில்தான் முகம் வந்தது. உயிரோடிருப்பவர் முகத்தை ரோமில் காசில் போட்டது அதுவே முதல் முறை. மன்னன் என்ற பேச்சையே பொறுக்காத ஊர் அது. மார்ச் 15 அன்று செனட்டர்கள் குத்திக் கொன்றார்கள். அவர் உயிரோடிருக்கையில் அந்த முகம் காசில் வந்தது சில வாரங்கள்தான். அதனால்தான் அத்தனை விலை, அத்தனை போலி. கொன்ற புரூட்டஸும் பிறகு தன் முகத்தைப் போட்டு, பின்னால் இரண்டு குத்துவாள்களோடு காசு அடித்தார். அதையும் தரகர்கள் கொண்டுவருவார்கள், நம்பாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. எட்டுக் கதிர் வால்மீனும் 'தெய்வமான ஜூலியஸ்' என்ற எழுத்தும் பின்பக்கம் இருந்தால், அது உண்மையிலேயே அவரைப் பற்றியது. ஆனால் முன்பக்க முகம் அகஸ்டஸ். காசும் சீசர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு அடித்தது. "ஜூலியஸ் என்றே எழுதியிருக்கிறதே" என்று தரகர் காட்டினாலும் அது அகஸ்டஸ் காசுதான்.

விளிம்பையும் பாருங்கள். அந்தக் காசுகள் அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தவை. வட்டம் கோணலாக இருக்கும், ஓரம் வெடித்திருக்கும். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால், முகத்தில் ஊசிமுனைக் குழிகள் இருந்தால், அது வார்ப்பில் ஊற்றிய போலி.

சரி, அசல் என்றே வைத்துக்கொள்வோம். 1972 தொல்பொருள் சட்டப்படி இவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 சட்டம், மறைத்தால் தண்டனை. இன்றும் அதே பத்து ரூபாய்! காசு கிடைத்த விவசாயி யாரிடம் போவது, என்ன கிடைக்கும் என்று சொல்ல ஓர் அதிகாரி வருவதில்லை. தரகர்தான் முதலில் வந்து நிற்கிறார். 'கரூரில் கிடைத்தது' என்று அவரே சொல்கிறாரே, கலெக்டர் அலுவலகத்தில் தெரிவித்த தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் காசு அசலானாலும் வேண்டாம்.