தேனீ தரும் பொருட்கள் தோல் புற்றுநோயைத் தடுக்குமா? ஒரு தோல் மருத்துவரின் பதில்கள்

டாக்டர், புரோபோலிஸ் தோல் புற்றுநோய் வராமல் காக்கும் என்கிறார்களே, உண்மையா?

மரத்தின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் சேகரித்து, மெழுகோடு கலந்து, கூட்டின் விரிசல்களை அடைக்கும். அதுதான் புரோபோலிஸ். கிருமிகளும் பூஞ்சையும் கூட்டில் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் அருமையான பொருள். எந்த மரத்துப் பிசின் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பதும் மாறும். பாப்லர் மரப் பிசினிலிருந்து வருவதில் ‘கேப்’ எனப்படும் காஃபீயிக் அமில எஸ்டர் இருக்கும். பிரேசிலின் பச்சை புரோபோலிஸில் ஆர்ட்டெபிலின் சி என்ற வேறொரு சேர்மம் இருக்கும்.

மெலனோமா என்பது தோலின் நிறமிச் செல்களில் வரும் கொடிய புற்றுநோய்; ஆய்வகத்தில் வளர்த்த அதன் செல்களின் பெருக்கத்தைக் கேப் குறைத்திருக்கிறது. எலிகளின் தோலில் தடவியபோது, ரசாயனத்தால் தூண்டிவிட்ட கட்டிகள் குறைந்தன. இதெல்லாம் உண்மை, எனக்கும் ஆர்வமூட்டும் விஷயம்தான். ஆனால் ஆய்வகத்தில் மருந்து நேராகச் செல்லின் மேல் விழுகிறது. நம் உடலில் அது தோலின் கெட்டியான மேலடுக்கைத் தாண்டிப் போக வேண்டும். எலியின் தோல் நம்முடையதைவிட மிக மெல்லியது.

மனிதர்களிடம் நிரூபிப்பது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம்: ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 1992-ல் 1,621 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். நாலரை ஆண்டு தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, விருப்பப்படி பூசியவர்களைவிட ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுக் கட்டிகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாக வந்தன. புரோபோலிஸுக்கு இப்படியொரு சான்று இல்லை.

தேன், தேன்மெழுகு சேர்த்து வீட்டிலேயே கிரீம் செய்கிறேன். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாகப் பூசலாமா?

வேண்டாம். மெழுகு ஈரப்பதத்தைப் பூட்டி வைக்கும், வறண்ட தோலுக்கு நல்லது. கடையில் வாங்கும் சில சன்ஸ்கிரீன்களிலும் மெழுகு உண்டு; பூச்சு தோலில் ஒட்டி நிற்க அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் கதிரைத் தடுப்பது அதிலுள்ள துத்தநாக ஆக்சைடு போன்ற வடிகட்டிகள். புற ஊதா பி கதிர் செல்லின் டிஎன்ஏவையே நேராகச் சேதப்படுத்துகிறது. வெயிலில் போகும்போது நிழல், முழுக்கைச் சட்டை, தொப்பி, எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் இவைதான் தேவை. உங்கள் கிரீமை இரவில் தாராளமாகப் பூசுங்கள்.

தேனீ விஷம் புற்றுநோய் செல்களைக் கொன்றதாகச் செய்தி பார்த்தேன்.

அதைச் செய்வது மெலிட்டின். 26 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதம், உலர்ந்த விஷத்தில் பாதி அதுதான். செல்லின் சவ்வில் துளை போட்டு உடைத்துவிடும். சிக்கல் என்னவென்றால், நல்ல செல்லையும் ரத்தச் சிவப்பணுவையும் அப்படியே உடைக்கும். புற்றுநோய் செல்லுக்கு மட்டும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்றுதான் ஆராய்கிறார்கள். தயவுசெய்து யாரும் தேனீயைக் கொட்டவைத்துச் சிகிச்சை எடுக்காதீர்கள். ஒவ்வாமை இருந்தால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

ராயல் ஜெல்லி மாத்திரை?

ராணித் தேனீயை வளர்க்க வேலைக்காரத் தேனீக்கள் சுரக்கும் உணவுதான் ராயல் ஜெல்லி. தோல் புற்றுநோய்க்காக என்றால் வாங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடும் ஒவ்வாமை வந்திருக்கிறது.

புரோபோலிஸ் களிம்பு பூசிய இடத்தில் அரிப்பும் தடிப்பும் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் பழகிவிடுமா?

பழகாது, கூடத்தான் செய்யும். புரோபோலிஸ் தொடு ஒவ்வாமை தேனீ வளர்ப்பவர்களிடம் நன்றாகத் தெரிந்த ஒன்று. உடனே நிறுத்துங்கள். உதட்டுக் களிம்பு, பற்பசை ஆகியவற்றிலும் அது இருக்கலாம், பொருட்பட்டியலைப் பாருங்கள்.

அப்பாவின் உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி, நடுவில் புண். மூன்று மாதமாகத் தேன் போடுகிறோம், ஆறவில்லை. தொடரலாமா டாக்டர்?

தேனை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிருமி நீக்கிய மருத்துவத் தேனைத் தீக்காயத்துக்குப் பயன்படுத்துகிறோம். ஆனால் மூன்று மாதம் ஆறாத புண் வேறு விஷயம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981-ல் 36 வயதில் இறந்தார்.

அப்பாவுக்கு இருப்பது சாதாரணப் புண்ணாகவே இருக்கலாம். அதை உறுதிப்படுத்த ஒரு சிறு துண்டு எடுத்து பயாப்சி பார்க்க வேண்டும். மெலனோமாவாகவே இருந்தாலும், தோலில் ஆழமாக இறங்கும் முன் வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். தேனை நிறுத்திவிட்டு, இந்த வாரத்திலேயே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். புள்ளி முன்பு எவ்வளவு இருந்தது என்று காட்டும் பழைய புகைப்படம் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.