கலாத்தியாவின் இலையோரக் கருகலும் ஆர்.ஓ. கழிவு நீரும்

கேள்வி: ஐயா, வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில், வீட்டு மாடியில் நிழல்வலை அமைத்து அழகு இலைச்செடிகளை வளர்த்து விற்றுவருகிறேன். 4 மாதங்களுக்கு முன் பெங்களூரில் மொத்த விலைக்கு 60 கலாத்தியாச் செடிகளை வாங்கி, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து 6 அங்குலத் தொட்டிகளில் நட்டேன். சென்ற மாதம் இலையோரங்கள் பழுப்பாகிக் கருகத் தொடங்கின. உரக்கடையில் ஓர் இலையைக் காட்டியபோது சத்துக் குறைபாடு என்றார்கள். 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் வாரந்தோறும் ஊற்றவும், தொட்டிக்கு 10 டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) குருணை வைக்கவும் சொல்லி, வளர்ச்சி ஊக்கி என்று ஒரு புட்டியும் கொடுத்தார்கள். 3 வாரங்களில் கருகல் இரண்டு மடங்காகிவிட்டது. தண்ணீருக்குக் குறையில்லை. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரை வீணாக்காமல் சேர்த்து ஊற்றுகிறேன்; தளம் நனையாமலிருக்கத் தொட்டிகளுக்கு அடியில் தட்டும் வைத்திருக்கிறேன். சாம்பல் சத்துக் குறைவா? எந்த உரத்தை எவ்வளவு கொடுத்தால் செடிகள் தேறும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சாம்பல் சத்துக் குறைவு இல்லை. தென்னை நார்க்கழிவிலேயே பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்து, உண்டு. அதன்மேல், தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 19 விழுக்காடு உள்ள 19:19:19 வழியாகவும் கொடுத்திருக்கிறீர்கள். இன்று இந்தச் செடிகளுக்கு எந்த உரமும் வேண்டாம் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் முதல் பதில். ஆனால் கடிதத்தின் இறுதியில், குறையில்லை என்று கூறி நீங்கள் கடந்துபோன தண்ணீரைப் பற்றித்தான் என்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளுகிறது. 4 லிட்டர் ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ளே போய், 1 லிட்டர் குடிநீராகவும் 3 லிட்டர் கழிவாகவும் வெளியே வந்தால், அந்த 4 லிட்டரிலிருந்த உப்பில் பெரும்பகுதி 3 லிட்டருக்குள் அடங்கிவிடும். உள்ளே போகும் நீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்பு, 1,200 மி.கிராம் என்றால் கழிவு நீரின் டி.டி.எஸ். ஏறத்தாழ 1,600 ஆகும். தொட்டிக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் ஊற்றினால் 0.4 கிராம் உப்பு, மாதத்துக்கு 12 கிராம். அதாவது சமையலறைத் தேக்கரண்டியால் இரண்டு கரண்டி உப்பை ஒரு 6 அங்குலத் தொட்டிக்குள் கொட்டியதற்குச் சமம். நீர் ஆவியாகவும் இலை வழியாகவும் போய்விடும், உப்பு போகாது. அடியில் வழிந்தாவது போகலாம் என்றால், அங்கே தட்டு வைத்திருக்கிறீர்கள். வழிந்த உப்பு நீரைக் காய்ந்த நார்க்கழிவு மறுபடியும் மேலே உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்த நீரைத் தளம் கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். கலாத்தியாவுக்கு மட்டும் வேண்டாம்.

உங்கள் மாவட்டத்தில் இதற்குமேல் இன்னொரு காரணமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அங்கே வந்தது. பற்களில் கறை படியவைக்கும் அந்த ஃப்ளோரைடுதான் கலாத்தியாவின் இலையையும் கருக்குகிறது. வேர் உறிஞ்சும் நீரோடு சேர்ந்து அது இலைக்குப் போகிறது. நீர் ஆவியாகும் இலை விளிம்பிலும் நுனியிலும் தங்கிச் சேர்ந்து, அங்குள்ள திசுவைக் கொல்கிறது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மி.கிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் மனிதருக்கு வகுத்திருக்கிறது. கலாத்தியா அந்த அளவைக்கூடப் பொறுக்காது. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நீர் வற்றி இன்னும் செறிவாகும். ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு புட்டி நீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்காகவும் அதைச் செய்ய வேண்டும்.

இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். பிரேசில் முதலான தென்னமெரிக்க நாடுகளின் மழைக்காடுகளில், பெருமரங்களின் அடிநிழலில், இலைக் குப்பையில் வேரோடி, மழைநீரை மட்டுமே குடித்து வளர்ந்த இனம் இது. நம் ஊர்க் கூவைக்கிழங்கின் குடும்பம்தான். ஆனால் கிழங்குக்காக வளர்ப்பதும் இலையின் கோலத்துக்காக வளர்ப்பதும் ஒன்றல்ல. நிழலில் மெதுவாக வளரும் செடிக்குப் பசியும் குறைவு. வெயிலில் நின்று காய்த்துக் குலுங்கும் தக்காளிக்குரிய அளவை அதற்குக் கொடுத்தால் அது தின்னாது. மிச்சமெல்லாம் தொட்டியிலேயே உப்பாக நிற்கும்.

உங்கள் ஊர் தக்காளிச் சந்தைக்குப் பேர்போனது. அங்குள்ள உரக்கடைக்காரருக்குத் தக்காளி தெரியும். அந்த அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தொட்டியைப் பார்க்காமல், என்ன நீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று பொருள்களை விற்பது வைத்தியம் இல்லை, வியாபாரம். 19:19:19 தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால், லிட்டருக்கு 950 மி.கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆகிறது; நிழலில் உள்ள கலாத்தியாவுக்கு 100 மி.கிராமே போதும். டி.ஏ.பி. குருணையோ கரையும்போது தன்னைச் சுற்றிக் காரத்தன்மையை உண்டாக்கி, அம்மோனியாவை வெளியிட்டு, தொடும் வேரைச் சுட்டுவிடும். வயலில் அது மண்ணுக்குள் பரவிப்போக இடமுண்டு; 6 அங்குலத் தொட்டியில் எங்கே போகும்? சூப்பர் பாஸ்பேட்டையும் இந்தச் செடியின் பக்கம் கொண்டுவராதீர்கள். அதில் ஃப்ளோரைடே இருக்கிறது. வளர்ச்சி ஊக்கிப் புட்டியில் என்ன சத்து எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறதா, பாருங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இலிருந்தே இருக்கிறது. 2021-இல் உயிரூக்கிகளையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சத்தின் அளவை எழுதாமல் விற்கும் எதையும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. தட்டுகளை இன்றே எடுத்துவிடுங்கள். தொட்டியின் மேற்பரப்பிலும் விளிம்பிலும் வெள்ளையாகவோ மஞ்சள் கலந்தோ ஒரு படிவம் இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். மேலிருந்து அரை அங்குலத்தை அதோடு சேர்த்து வழித்தெடுத்து, கரையாத குருணைகளையும் பொறுக்கிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தொட்டிக்கும் 4 லிட்டர் நல்ல நீரை, ஒரே மூச்சில் கொட்டாமல், ஒரு லிட்டர் ஊற்றி அரை மணி நேரம் கழித்து அடுத்த லிட்டர் என்று நான்கு தவணையாக ஊற்றுங்கள். முதல் தவணையில் நார்க்கழிவுக்குள் படிந்த உப்பு கரையும், அடுத்தடுத்த தவணைகளில் வெளியேறும். ஆர்.ஓ. பழுதுபார்ப்பவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவை ஒன்று வாங்கிக்கொண்டு, அடியில் வழியும் நீரில் வைத்துப் பாருங்கள். முதலில் ஆயிரக்கணக்கில் காட்டும். 1,000-க்குக் கீழ் இறங்கும்வரை கழுவுங்கள். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை பாருங்கள்.

நல்ல நீர் எது? மழைநீருக்கு ஈடு இல்லை. 60 தொட்டிகளுக்கு 240 லிட்டர் வேண்டும். 100 சதுர அடித் தகரக் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தாலே ஏறத்தாழ 230 லிட்டர் கிடைக்கும். மழைநீர் சேகரிப்புக் குழாய் கீழே இறங்கும் இடத்தில் ஒரு 200 லிட்டர் டிரம்மை நிறுத்தி, முதல் சில நிமிடத்து அழுக்கு நீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள். மழை வரும்வரை ஒகேனக்கல் நீரைப் பயன்படுத்தலாம்; அது காவிரி நீர், உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைவிடப் பன்மடங்கு நல்லது. அதுவும் கிடைக்காத நாளில், ஆர்.ஓ. இயந்திரம் தரும் குடிநீரையே செடிக்குக் கொடுத்துவிட்டுக் கழிவு நீரைத் தளத்துக்கு ஊற்றுங்கள். இப்போது செய்வதற்கு நேர் எதிரானது. மற்ற எந்த உர மாற்றத்தையும்விட இதைத்தான் நான் வலியுறுத்துவேன்.

கருகிய பகுதி மறுபடியும் பச்சையாகாது. முழுதும் கருகிய இலையைக் காம்போடு அறுத்துவிட்டு, ஓரம் மட்டும் கருகியதைக் கத்தரியால் இலையின் வடிவத்துக்கேற்ப நறுக்கிவிடலாம். செடி தேறுகிறதா என்பதை மாலையில் தெரிந்துகொள்ளலாம். இருட்டும் நேரத்தில் இலைகள் எழுந்து நின்று அடிப்பக்கத்தின் ஊதா நிறத்தைக் காட்டினால், இலைக் காம்பின் முட்டில் இன்னும் நீர் அழுத்தம் இருக்கிறது, செடி உயிர்ப்போடு இருக்கிறது. நடுவிலிருந்து சுருட்டிய கோரைப்பாய் போல ஓர் இளந்தளிர் வெளிவந்து, விளிம்பு கருகாமல் விரிந்தபிறகுதான் உரத்தைத் தொட வேண்டும்.

அப்போது 19:19:19-ஐ லிட்டருக்கு அரை கிராம், 15 நாளுக்கு ஒரு முறை. அடுத்த முறை அதற்குப் பதிலாகக் கால்சியம் நைட்ரேட் அரை கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் கால்சியமும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்து கட்டிப்பட்டு அடியில் தங்கிவிடும். இலைச்செடிகளுக்கு தழை, மணி, சாம்பல் 3:1:2 என்ற விகிதம் பொருந்தும். உங்களிடம் உள்ள 19:19:19-இன் மணிச்சத்து அதற்கு அதிகம்தான், அதை ஓரளவு ஈடுகட்டவே இந்த மாற்றுமுறை. வளர்ச்சி நின்றுபோகும் குளிர் மாதங்களில் நிறுத்திவிடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை வெறும் நல்ல நீரால் தொட்டியைக் கழுவுவதை மட்டும் எந்த மாதத்திலும் விடாதீர்கள். அரை கிராமை எடைபோட நகைக்கடைத் தராசு வேண்டாம்: 5 கிராமை 1 லிட்டரில் கரைத்து, அதிலிருந்து 100 மி.லி. எடுத்து மீண்டும் 1 லிட்டராக்கினால் அரை கிராம் ஆகிவிடும்.

கோடைக் காற்றின் வறட்சியாலும் ஓரம் கருகும் என்பது உண்மை. அப்போது இலை நீளவாக்கில் சுருளும். அதற்குத் தொட்டிகளை நெருக்கி வைத்து, தளத்தை நனைத்துவிடுங்கள், ஆர்.ஓ. கழிவு நீர் அங்கேதான் பயன்படும்.

இப்போது கருகியிருக்கும் செடிகளை விற்க வேண்டாம். வாங்குபவரும் அவற்றைத் தம் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில்தான் வளர்ப்பார், இறந்தால் உங்கள் பெயரைத்தான் சொல்வார். கழுவிய பிறகு டி.டி.எஸ். எவ்வளவு என்றும், ஆய்வகத்தில் ஃப்ளோரைடு எவ்வளவு வந்தது என்றும் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.