பார்சல் கவுண்டர்: சென்னை சாப்பாட்டு கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் கொட்டி பாத்தா பாதிக்கு மேல புகார்தான். கடை பேர் போட்டு திட்டி எழுதினவங்க கோச்சுக்காதீங்க, பேரையெல்லாம் நான் எடுத்துட்டேன், நாளைக்கு நானும் அங்கதானே போய் உக்காரணும்.

எங்க தெருமுனை டிபன் கடையில பத்து வருஷமா ரவா தோசை சாப்பிடறேன். ரெண்டு மாசமா வர்றது ரவா தோசையே இல்ல, மைதா அட்டை. ஓனர் மாறிட்டாரா?
- வாசகி, வளசரவாக்கம்

ஓனர் மாறிருக்க மாட்டாரு மேடம், மாஸ்டர் மாறிருப்பாரு. நமக்கு தெரிஞ்சது போர்டுல இருக்கற பேர், ஆனா நாக்குக்கு தெரிஞ்சது உள்ள நிக்கற ஆளோட கை. சாம்பார், சட்னி, குருமா எல்லாம் சரக்கு மாஸ்டர் கையில, தோசைக்கல்லு தோசை மாஸ்டர் கையில, பரோட்டா மாஸ்டர் தனி ராஜ்ஜியம், அவர்கிட்ட ஓனரே கொஞ்சம் தணிஞ்சுதான் பேசுவாரு. வேலைக்கு சேரும்போது மாஸ்டருக்கு ஒரு அட்வான்ஸ் குடுப்பாங்க, வீட்டு கல்யாணம், பசங்க ஃபீஸுன்னு அது ஏறிக்கிட்டே போகும், அந்த கடன் இருக்கற வரைக்கும் ஆளு நகர மாட்டாருன்னு ஓனர் நிம்மதியா இருப்பாரு, அப்போ ரெண்டு தெரு தள்ளி புதுசா ஒருத்தர் கடை போட்டு "அந்த அட்வான்ஸ நான் அடைச்சிடறேன், பேட்டா தினம் இவ்ளோ சேத்து தர்றேன்"னு சொன்னா முடிஞ்சு போச்சு. இல்லன்னா பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு போனவரு திரும்பி வர மாட்டாரு. காலைல அஞ்சு மணிக்கு ஷட்டர தூக்கினா அடுப்பு மட்டும்தான் இருக்கும்.

அதுலயும் ரவா தோசை காட்டி குடுத்துடும். சாதா தோசை மாவு முன்னாடி நாளே அரைச்சு புளிச்சு ரெடியா இருக்கு, யாரு ஊத்துனாலும் ஓரளவு வந்துடும். ரவா தோசைக்கு ரவை, அரிசி மாவு, கொஞ்சம் மைதா, மோர் மாதிரி தண்ணியா கரைச்சிருக்கணும், கல்லு நல்லா காஞ்சிருக்கணும், கரண்டிய உயரத்துல புடிச்சு வீசி ஊத்தணும், அப்பதான் அந்த ஓட்டை ஓட்டையா வலை விழும். இதுல முக்கியமானது ஒவ்வொரு தோசைக்கும் அடி வரைக்கும் கலக்கணும், ஏன்னா ரவை கீழ போய் உக்காந்துக்கும். கூட்ட நேரத்துல புது ஆளு கலக்காம மேலாப்புல மொண்டு மொண்டு ஊத்துனா மைதா தண்ணி உங்களுக்கு, ரவை பூரா கடைசியா வர்றவனுக்கு. சாதாவ விட நேரமும் ஜாஸ்தி எடுக்கும், அதனாலதான் சப்ளையர் "ரவா லேட்டாகும் சார்"னு சொல்றது, அத சொல்லாம அஞ்சு நிமிஷத்துல கொண்டு வந்து வெச்சா சந்தேகப்படுங்க.

பழைய மாஸ்டர் எங்கன்னு கல்லாவுல கேக்காதீங்க, மூஞ்சி கோணிடும். பார்சல் கட்டற பையன்கிட்ட மெதுவா கேளுங்க. நான் அப்படி விசாரிச்சு ஒரு மாஸ்டர் பின்னாடியே மூணு கடை மாறிருக்கேன்.

சாப்பிட்ட பில்லுல 10% சர்வீஸ் சார்ஜ் போட்டாங்க. கேட்டா "கம்பெனி பாலிசி"ங்கறாங்க. குடுத்துதான் ஆகணுமா?
- வாசகர், நுங்கம்பாக்கம்

குடுக்க வேண்டியதில்ல. 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பில்லுல தானா சர்வீஸ் சார்ஜ் சேக்க கூடாதுன்னு சொல்லிடுச்சு, ஹோட்டல்காரங்க சங்கம் கோர்ட்டுக்கு போச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட் ஆணையம் சொன்னதுதான் சரின்னு தீர்ப்பு குடுத்துச்சு. எடுக்க சொல்லுங்க, எடுக்கலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு புகார் குடுக்கலாம். ஆனா இதயும் ஜிஎஸ்டியையும் குழப்பிக்காதீங்க. சாதாரண ரெஸ்டாரண்ட்ல ஏசி இருந்தாலும் இல்லன்னாலும் 5%, பில்லுல ரெண்டரை ரெண்டரையா பிரிச்சு காட்டுவாங்க, அது கட்டாயம்.

தண்ணி பாட்டில் விலை பத்தியும் கேட்டிருந்தீங்க. அங்க நம்ம பக்கம் வீக்கு. உக்கார வெச்சு பரிமாறற இடத்துல எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. சாதா தண்ணி குடுங்கன்னு கூச்சப்படாம கேளுங்க.

எங்கப்பா செம்மொழிப் பூங்காவ தாண்டும்போதெல்லாம் "இங்க கார்ல உக்காந்து தோசை சாப்பிட்டேன்"ங்கறாரு. நிஜமா?
- கல்லூரி மாணவி, பெரம்பூர்

நிஜம்தாம்மா. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 1962ல ஆரம்பிச்சது. வண்டிய மரத்தடில நிறுத்துனா ஆள் வந்து ஆர்டர் எடுத்துட்டு போவாரு, கார் கதவுல தட்ட மாட்டி விடுவாங்க, நெய் தோசை, ஃபில்டர் காபி, பின்சீட்டுல பசங்க சட்னிய கொட்டிட்டு அடி வாங்கறது எல்லாம் உண்டு. கார் இல்லாதவங்களுக்கு உள்ள ஹால் இருந்துச்சு, மெடிக்கல் ரெப்புங்க ஒரு காபிய வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டுவாங்க, யாரும் எழுப்ப மாட்டாங்க. இன்னைக்கு இந்த ஊர்ல அப்படி உக்காந்து பாரு.

அது மூடுனதுக்கு காரணம் டேஸ்ட்டோ கூட்டமோ இல்ல, இடம். தோட்டக்கலை சங்கத்து கையில இருந்த நிலத்துல குத்தகைக்கு நடந்த கடை. அரசாங்கம் திரும்ப எடுத்துக்கிட்டதும் 2008ல மூடிட்டாங்க, 2010ல அதே இடத்துல பூங்கா வந்துடுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா உட்லண்ட்ஸுங்கற பேரே வாடகைக்கு வந்த பேரு. உடுப்பி பக்கத்துலருந்து வந்த கிருஷ்ணா ராவ் 1938ல ராயப்பேட்டையில அந்த பேர்ல இருந்த ஒரு பங்களாவ குத்தகைக்கு எடுத்துதான் ஹோட்டல் தொடங்கினாரு, பங்களா பேரே ஹோட்டலுக்கு ஒட்டிக்கிச்சு.

பூந்தமல்லி ஹைரோடு தாசப்பிரகாஷ் ஹோட்டலும் இப்ப இல்ல. நடு ஊர்ல பெரிய நிலத்துல இட்லி வித்து வர்ற காச விட அந்த நிலத்தோட காசு பெருசாயிட்டா எந்த சாம்பாரும் காப்பாத்தாது. சின்ன இடத்துல ஓட்டறவங்கதான் நிக்கறாங்க, திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948லருந்து இருக்கு, இன்னும் ஜக்குல சாம்பார் கொண்டு வந்து இட்லி மேல ஊத்தறாங்க, தட்டுல இட்லி எங்கன்னு தேடணும். நான் அந்த பேட்டைல வளந்தவன், ஒருதலைப்பட்சமாத்தான் சொல்வேன்.

சிக்கன் 65, அந்த 65 என்னண்ணே?
- வாசகர், அம்பத்தூர்

65 மிளகாய், 65 துண்டு, 65 நாள் கோழி, மிலிட்டரி கேன்டீன் மெனுவுல 65ஆவது ஐட்டம்னு ஆளுக்கு ஒண்ணு விடுவாங்க. 1951லருந்து மவுண்ட் ரோட்டுல இருக்கற புஹாரி ஹோட்டல் சொல்றது, 1965ல அவங்க போட்ட ஐட்டம், அதான் 65. அதுக்கப்புறம் 78, 82, 90னு வேற வேற சிக்கனும் விட்டாங்க, அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இல்ல. நான் புஹாரி கட்சி. அந்த 65 நாள் கோழி கதைய மட்டும் நம்பாதீங்க, பிளேட்டுக்கு வர்ற பிராய்லர் அவ்ளோ நாள் உசுரோட இருக்கறதில்ல.

பீச் ஸ்டேஷன்கிட்ட அத்தோன்னு விக்கறாங்களே, அது சைனீஸா?
- வாசகர், தாம்பரம்

பர்மா தம்பி. அங்க பல தலைமுறையா இருந்த தமிழ் ஆளுங்க, 1962ல ராணுவ தளபதி நே வின் ஆட்சிய புடிச்சு அப்புறம் கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆக்கவும் கையில இருந்தத விட்டுட்டு கப்பலேறி வந்தாங்க. பர்மா பஜார் அப்படி வந்ததுதான். அவங்க கூட வந்த சாப்பாடு இது, நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாத்தூள், மேல ஒரு தட்டைய நொறுக்கி போட்டு கையாலயே பிசைஞ்சு குடுப்பாங்க. பக்கத்துல மொய்ங்கான்னு வாழைத்தண்டு சூப் வரும். பர்மாவுல அந்த மொய்ங்காவுக்கு மீன்தான் உசுரு, வாழைத்தண்டு கூட சேரும், இங்க வந்து மீன் கழண்டுகிட்டு தண்டு மட்டும் நின்னு போச்சு. சாயங்காலம் போங்க, வறுத்த வெங்காயம் அடைச்ச முட்டைய மறக்காதீங்க, வெள்ளை சட்டை மட்டும் போட்டுட்டு போகாதீங்க.

நைட் ஷிப்ட் முடிச்சு ஒரு மணிக்கு வந்தா கடைய மூட சொல்றாங்க. 24 மணி நேரமும் திறக்கலாம்னு ஆர்டர் இருக்காமே?
- ஐடி ஊழியர், துரைப்பாக்கம்

இருக்கு, 2019 ஜூன்லருந்து. பத்து பேர் அதுக்கு மேல வேலை பாக்கற கடைங்களுக்கு. நீங்க சாப்பிடற கையேந்தி பவன்ல மொத்தமே மூணு பேரு, அதுல ஒருத்தர் ஓனரோட மச்சான். ரோந்து வண்டி வந்து லத்தியால தட்டுனா பாதி கலக்கி ஆம்லெட்டோட ஓட வேண்டியதுதான்.

ஷவர்மாவுல மயோனைஸ் டேஸ்ட் மாறிருச்சே?
- வாசகர், அண்ணா நகர்

பச்சை முட்டையில பண்ற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8லருந்து ஒரு வருஷத்துக்குன்னு தமிழ்நாட்டுல தடை போட்டாங்க, சால்மோனெல்லா கிருமி பயம். உடனே கடைங்க எல்லாம் முட்டையில்லா மயோவுக்கு தாவிட்டாங்க, அது கொஞ்சம் இனிக்கும். எனக்கு ரெண்டும் புடிக்காது, அதனால இந்த சண்டைல நான் இல்ல.

கிண்டி ஸ்டார் ஹோட்டல்ல ரசத்த மார்ட்டினி கிளாஸ்ல குடுக்கறாங்களாமே, கொடுமையா இல்லையா?
- இல்லத்தரசி, மாம்பலம்

அங்க இருக்கற ஆவர்த்தனா ரெஸ்டாரண்ட்ட சொல்றீங்க. காபி வடிக்கற கண்ணாடி ஜாடில தழையெல்லாம் போட்டு, ரசத்த ஊத்தி, அமுக்கி, கிளாஸ்ல வடிச்சு குடுக்கறாங்க. ஒருத்தர் தயவுல போய் குடிச்சேன், சத்தியமா நல்லாத்தான் இருந்துச்சு மாமி. சோறு எப்ப வரும்னுதான் கடைசி வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்.