சீட்டில் எழுதிய எதிர்காலம்

கேள்வி: உலகம் எப்படி மாறும் என்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஆராய்கிறார்களாமே, ஒருவரை ஒருவர் பார்க்காமல் எப்படி ஒத்துப்போகிறார்கள்? இதுவும் ஜோசியம்தானே?
- குடியாத்தம் வாசகர்

பதில்: முதலில் எங்கள் காட்பாடித் தெருக் கதை. எட்டு வீடு சேர்ந்து பொது போர்வெல் போடுவது பற்றிப் பேச உட்கார்ந்தோம். வயதில் மூத்தவர், "முந்நூறு அடி போதும்" என்றார். அத்தோடு எல்லாத் தலையும் ஆடிவிட்டது. எனக்கு மட்டும் உறுத்தல். மறுநாள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். 300 என்றது மூன்றே சீட்டு. ஒன்றில் 600, பக்கத்திலேயே, "பின்தெருவில் போன கோடையில் 500 வரை வெறும் புகைதான் வந்தது" என்று காரணம். அதைப் படித்துக் காட்டி மறுபடி எழுதச் சொன்னால், பெரியவரின் சீட்டிலேயே 550! (கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது, மன்னிக்கவும்.)

இதற்குப் பெயர் டெல்ஃபி முறை. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் ஓலாஃப் ஹெல்மர், நார்மன் டால்கி போன்றவர்கள் உருவாக்கியது. 1996இல் தொடங்கிய மில்லேனியம் புராஜெக்ட் என்ற எதிர்கால ஆய்வு அமைப்பு இதையே உலக அளவில் செய்கிறது. பல நாடுகளில் 'நோடு' என்று ஒரு குழு இருக்கும். உள்ளூரில் விஷயம் தெரிந்தவர் யார் என்று தேடிப் பிடித்து, கேள்விகளை அவர்களிடம் கொண்டுபோய், பதில்களைத் திரட்டுவது அதன் வேலை. என்னைக் கேட்டால் உயிரே அங்கேதான் இருக்கிறது. பாலாற்றைப் பற்றி யாரைக் கேட்பது என்று வாஷிங்டன் தலைமையகத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இந்த அமைப்பு பட்டியலிட்ட 15 உலகச் சவால்களில் தண்ணீரும் ஒன்று.

இப்போது இணையத்திலேயே பதில் போடலாம்; மற்றவர்கள் சொன்ன காரணத்தைப் பார்த்து நம் பதிலை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒத்துப்போகாதவர் சொல்லும் காரணம்தான் சரக்கு. ஜோசியர் காரணம் சொல்வதில்லையே!

சரி, இவர்கள் கணக்கு தப்பாதா? தப்பும். தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று நம் வேலூரைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலியும் தப்பிப்போனது. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பினார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தில் நின்று வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன்.