வராத பிள்ளையைத் தேடுவது யார்?

கேள்வி: இராயபுரத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்பது எங்கள் பள்ளியின் வாசகம். சென்ற ஜூன் தொடக்கத்தில் அதே பெயரில் ஒரு விழா நடத்தினோம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட், விலை 250 ரூபாய். என் வகுப்பில் ஒன்பது பேர் அன்று வரவே இல்லை. பெரும்பாலும் காசிமேட்டுப் பிள்ளைகள். மதியம் சாப்பிடும்போதும் அவர்கள் தனியாக வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். 'கவுச்சி வாடை' என்று மற்றவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்களாம். முதல் வெள்ளித் திருப்பலிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் போகும்போது மற்றவர்கள் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். "இது அவர்கள் பள்ளிதானே டீச்சர்" என்று ஒரு மாணவி சொன்னது மனத்தை உறுத்துகிறது. இந்த ஆண்டும் விழாப் பொறுப்பு என்னிடமே வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, சென்னை-13

பதில்: அன்புள்ள டீச்சர், போயும் போயும் ஜூன் தொடக்கத்திலா காசிமேட்டுப் பிள்ளைகளிடம் 250 ரூபாய் கேட்டீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகிறவருக்கு மட்டுமல்ல, ஐஸ் உடைப்பவருக்கும், கூடை சுமப்பவருக்கும், ஏலத்தில் எடுத்து விற்கும் அம்மாவுக்கும் வருமானம் சுருங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளி திறக்கிறது. நோட்டு, சீருடை, காலணி என்று வரிசையாகச் செலவு. அதற்கு மேல் குடும்பமாக இருப்பதற்கு ஒரு டி-ஷர்ட்! அந்த ஒன்பது பேரும் விழாவை வெறுத்து வராமல் இருந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் நீலத்தில் நிற்கும்போது தான் மட்டும் வெள்ளைச் சட்டையில் நிற்பானேன் என்று வீட்டில் இருந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் படித்ததும் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில்தான். எங்கள் வீட்டில் முருகன் படம். எனக்கு ஜெபமும் தெரியாது, பாட்டும் வராது. ஆனால் காலை வழிபாட்டுக்கு ஆர்மோனியப் பெட்டியைச் சாமான் அறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வருவது என் வேலை. அறைச் சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கும். எனக்கு அம்மை போட்ட வாரத்தில் பாட்டு வாத்தியார் ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினார். நலம் விசாரிக்க அல்ல, சாவி வாங்க. ஆர்மோனியம் இல்லாமல் அன்று எல்லோரும் கன்னாபின்னாவென்று பாடினார்கள் என்று வந்தவன் சொன்னான். எனக்குக் காய்ச்சலே பாதி இறங்கியது போல இருந்தது. அதுவரை நான் அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அது என் பள்ளி.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை நாளை வரவில்லை என்றால், வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவள், பந்து எறிபவன், பாடகர் குழுவில் இருப்பவள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு உடனே பதில் வந்துவிடும். பிறகு பேனா நிற்கும். நின்ற இடத்திலிருந்து உங்கள் வேலை தொடங்குகிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள், அவர்கள் இல்லாவிட்டால் தடைப்படுகிற பொறுப்பாக. இதில் ஓர் எச்சரிக்கை. வகுப்பறை கூட்டுவது, குப்பைக் கூடை எடுப்பது, மேசை நகர்த்துவது எல்லாம் எப்படியோ ஒரே சில பிள்ளைகளின் தலையில்தான் வந்து விழும். யார் யார் தலையில் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைக், நூலகச் சாவி, மணி அடிப்பது ஆகியவை இன்னும் சிலரிடமே சுற்றும். அதை மாற்றாமல் விழா மட்டும் நடத்தினால் பிள்ளைகளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

கவுச்சி விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் அறிவுரை சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அன்றிலிருந்து அந்த ஒன்பது பேரும் 'டீச்சர் பேசிய பிள்ளைகள்' ஆகிவிடுவார்கள். கலந்து உட்காருங்கள் என்று உத்தரவும் போடாதீர்கள். உங்கள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நீங்கள் வேப்பமரத்தடிக்குப் போங்கள், ஒரு வாரம். சமூக அறிவியல் பாடத்தில் உள்ளூர் வரலாறு பேச வாய்ப்பு வந்தால், இராயபுரத்துப் புனித இராயப்பர் (பேதுரு) ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர்கள் படகோட்டிகள் என்று சொல்லுங்கள். இராயப்பரே வலை வீசியவர்தாம். உங்கள் பேட்டைக்கே அவர் பெயரால்தான் பெயர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். மூக்கைப் பிடிக்கிற பிள்ளையின் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சங்கராவோ வஞ்சிரமோ கொதிக்கும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களுக்கே தெரியும்.

அந்த மரத்தடிக்கு ஒரு கேரம் போர்டு கொண்டுவந்து வையுங்கள். வடசென்னையில் தெருவுக்குத் தெரு ஆடுகிற ஆட்டம் இது. 2024இல் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தானே. ஆனால் இரட்டையர் ஆட்டம் மட்டும் ஆட விடுங்கள். சீட்டுக் குலுக்கி ஜோடி சேருங்கள், ஒரு மாதத்துக்கு அதே ஜோடி. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் பேச்சு வராமல் போகலாம், கண் பேசியாக வேண்டும். சிவப்பை ஒருவன் போட்டுவிட்டு அடுத்த காயைத் தவறவிட்டால், மத்தியில் திரும்பி வரும் அந்தச் சிவப்புக்காக இருவரும் சேர்ந்துதான் தலையில் அடித்துக்கொள்வார்கள். முக்கியமாக, ஜோடி வராவிட்டால் மற்றவனுக்கும் ஆட்டம் இல்லை. "அவன் ஏன் வரவில்லை?" என்று முதலில் கேட்கப்போவது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

'அவர்கள் பள்ளி' என்று சொன்ன மாணவியின் விஷயம் கொஞ்சம் கனமானது. பள்ளி தன் சிலுவையை மறைத்து வைக்க வேண்டியதில்லை. சிறுபான்மையினர் தமக்கென்று கல்வி நிறுவனம் அமைத்து நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தருகிறது. அதே அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் வழிபாட்டிலோ சமயப் போதனையிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. உங்கள் பள்ளி கட்டாயப்படுத்தவில்லை, நல்லது. ஆனால் போகாத பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் கொடுப்பது என்ன? 'சத்தம் போடாதே' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அவர்களுக்கும் அந்த நேரத்தில் எதிர்பார்க்க ஏதாவது வேண்டும். சுவர்ப் பத்திரிகை, நாடக ஒத்திகை, எதுவாகவும் இருக்கட்டும். திருப்பலி முடிந்து வருகிறவர்கள் 'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கும்படி இருந்தால் போதும். மறைக்கல்விக்கும் நன்னெறிக்கும் பிரிக்கும்போது 'கத்தோலிக்கர் மட்டும் எழுந்திருங்கள்' என்று கூப்பிடும் வழக்கம் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லுங்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டினால் ஆகாதா?

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். குடியிருப்பு இடிக்கப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது இன்னும் உங்கள் பள்ளிக்கே வருகிறார்களா? விடியலில் கிளம்பி, பஸ் மாறி, ஊரின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு வருகிற பிள்ளையைப் பத்து நிமிடத் தாமதத்துக்காக வாசலில் நிறுத்திவைத்தால், உள்ளே மாட்டியிருக்கும் 'ஒரே குடும்பம்' பலகையை அவள் எந்தக் கண்ணால் படிப்பாள்? வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

விழாவை ஜூலை கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். படகுகள் கடலுக்குப் போய்க் கையில் நாலு காசு புழங்கும். என்றாலும் டி-ஷர்ட் வேண்டாம், சீருடையே போதும். தலைமை ஆசிரியை கணக்குக் கேட்டால், மேடை அலங்காரத்தையும் ஒலிபெருக்கியையும் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் இன்னும் மூன்று கேரம் போர்டு வாங்கலாம் என்று சொல்லுங்கள். ஸ்டிரைக்கர் மட்டும் கூடுதலாகவே வாங்குங்கள், முதல் வாரத்திலேயே இரண்டு தொலைந்துவிடும்.