மருந்து ஊற்றுமுன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: மோலி, நியான் டெட்ரா, கோரிடோராஸ் மூன்றையும் ஒரே தொட்டியில் வளர்க்கிறேன். உப்பைத் தூவியதுபோல் மீன்களின் உடம்பில் வெண்புள்ளிகள் வந்தன. மாலகைட் கிரீன் கலந்த மருந்தை மூன்று நாள் ஊற்றியதும் மறைந்துவிட்டன. ஒரே வாரத்தில் முன்பைவிட அதிகமாகத் திரும்பியிருக்கின்றன. மருந்து போலியா?

பதில்: மருந்தைச் சந்தேகிக்க வேண்டாம், சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். ‘இக்’ எனப்படும் இந்த வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து வளர்வதால் அங்கே மருந்து எட்டாது. வளர்ந்து முடிந்ததும் மீனைவிட்டு உதிர்ந்து, சரளையிலோ செடியிலோ ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. குஞ்சுகள் வெளியேறி அடுத்த மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாளில்தான் அவற்றைக் கொல்ல முடியும். புள்ளிகள் மறைந்தபோது ஒட்டுண்ணி சாகவில்லை, தரைக்கு இறங்கியிருந்தது.

ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் சிகிச்சை தொடர வேண்டும். இந்தச் சுழற்சி 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் இழுக்கும். ஹீட்டரை ஒரே நாளில் ஏற்றாமல், நாளுக்கு 1 அல்லது 2 டிகிரி என்று 29 வரை கொண்டுபோங்கள். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறையும், மருந்தும் அதைக் குறைக்கும். ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள்; ஊற்றும் மருந்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும். மறு டோஸுக்கு முன் கால் பங்கு நீரை மாற்றி, சரளையின் அடியைச் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்தால் கூடுகள் கணிசமாக வெளியேறும்.

கோரிடோராஸும் டெட்ராவும் மாலகைட் கிரீனை அதிகம் தாங்காது. லேபிளில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும். மருந்தைக் கையில் படவிடாதீர்கள், கையுறை போடுங்கள்.

அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீர்மட்டம் என்றால் 54 லிட்டர். சரளை, கற்கள் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 48 லிட்டர்தான் தேறும். கடைக்காரர் சொன்ன கொள்ளளவுக்கு மருந்து ஊற்றாமல், உள்ளே இருக்கும் நீருக்கு ஊற்றுங்கள்.

கேள்வி: தொட்டி வைத்துப் பத்து நாள் ஆகிறது. கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மெத்திலீன் ப்ளூ ஊற்றியும் தினமும் ஒன்று சாகிறது. என்ன நோய்?

பதில்: பெரும்பாலும் இது நோயே இல்லை, நஞ்சு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உங்கள் தொட்டியில் அது இப்போதுதான் தொடங்கியிருக்கும். மெத்திலீன் ப்ளூ அதையும் அழிக்கும். மருந்தை நிறுத்திவிட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சையும் பாருங்கள்: ஒரே அளவு அம்மோனியா பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு கொடியது.

செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் பழுப்பாக இருந்தால் நைட்ரைட். இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போயிருக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்துச் சேர்த்தால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் புகவிடாது. கப்பி இதை எளிதில் தாங்கும்.

இன்றே பாதி நீரை மாற்றுங்கள். புது நீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்து, வெப்பத்தைத் தொட்டியோடு ஒத்துப்போக வைத்து ஊற்றுங்கள். அளவு இறங்கும்வரை தினமும் 25 முதல் 50 சதவீதம் மாற்ற வேண்டும். இரண்டு நாள் தீனி போடாவிட்டால் கப்பிக்கு ஒன்றும் ஆகாது. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அலசவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பிழிந்தால் போதும். உப்பு ஆவியாகாது என்பதையும் மறக்காதீர்கள்: 15 லிட்டர் நீரை மாற்றினால் 15 கிராம் மட்டும் திரும்பச் சேருங்கள். ஆவியான நீரை ஈடுகட்டும்போது உப்பு தேவையில்லை.

கேள்வி: மோலியின் வாயில் வெள்ளைப் பஞ்சு. பூஞ்சை மருந்து பலிக்கவில்லை. சூட்டை ஏற்றலாமா?

பதில்: ஏற்றாதீர்கள். பூஞ்சை, ஆறாத புண்ணின்மேல் நீளநீளமான இழைகளாக மெத்தென்று நீரில் ஆடும். வாயைச் சுற்றித் தட்டையாக, சாம்பல் வெண்மையாகப் படர்வதும், முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறுவதும் காலம்னாரிஸ். அது பாக்டீரியா, சூட்டில் வேகமாகப் பெருகி இரண்டே நாளில் தொட்டியைக் காலிசெய்யக் கூடியது. இக்குக்கு உதவும் சூடு இங்கே எமன். நீரை 24 டிகிரிக்கு மெல்ல இறக்கி, நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு ஆன்டிபயாடிக் கொடுங்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்றால், கடின நீரிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு வீரியத்தைக் குறைத்துவிடும். மீன் சாப்பிடுகிறது என்றால் தீனியில் கலந்து தருவதே மேல். அந்த மீனைப் பிடித்த வலையை மற்றத் தொட்டியில் போடாதீர்கள்.

கேள்வி: உருண்டை வயிற்றுக் கோல்டுஃபிஷ் சாப்பிட்டதும் தலைகீழாக மிதக்கிறது.

பதில்: மலச்சிக்கலோ, மிதக்கும் தீனியோடு விழுங்கிய காற்றோ காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியை நசுக்கிச் சிறிதளவு கொடுங்கள். இனிமேல் மூழ்கும் தீனியே போடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் சிலிர்த்து நின்றால் கதை வேறு: உடலில் நீர் கோத்திருக்கிறது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும். அப்படியானால் பட்டாணி உதவாது, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.