பாட்ரிக் ருவா ஜெர்சிக்கு 18,000 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன், வயது 41. ஐஸ் ஹாக்கியில் கோல் காக்கும் கோலிகள் என்றால் எனக்கு உயிர். மொன்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்கு ஆடியபோது கோலி பாட்ரிக் ருவா போட்டிருந்த ஜெர்சி என்று சொல்லி, ஒருவர் 18,000 டாலருக்குத் தருகிறார். தன் கையெழுத்தோடு ஒரு கடிதமும் தருவாராம். பத்து வருடத்தில் விலை நன்றாக ஏறும் என்கிறார். என் சேமிப்பு மொத்தம் 30,000 டாலர். வாங்கலாமா?

பதில்: இந்தக் கடிதத்தை நம்பி வாங்க வேண்டாம். விற்பவரே எழுதித் தருவது அவருடைய வாக்கு, அவ்வளவுதான். நாளை நீங்கள் விற்கப் போகும்போது அதை யாரும் சீந்த மாட்டார்கள்.

முதலில் எந்த சீசன் என்று கேளுங்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பையை 1986, 1993 இரண்டு முறையும் ருவா மொன்ட்ரியால் அணியில் இருந்தபோதுதான் வென்றார். 1995 டிசம்பரில் கொலராடோ அணிக்குப் போய்விட்டார். கோப்பை வென்ற சீசனுக்கு ஒரு விலை, சாதாரண சீசனுக்கு வேறு விலை. அப்புறம், ஆட்டத்தில் போட்டதா, அணி தைத்து வைத்துப் போடாமலே விட்டதா? இரண்டுக்கும் அதே துணி, அதே 33ஆம் எண். போட்டதாகவே இருந்தாலும், அன்றைக்கு அவர் மாற்று கோலியாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

இதை ஓரளவு தீர்த்து வைப்பது புகைப்பட ஒப்பீடு. வலைத்துணியின் துளைகள் மேல் எண்ணின் ஓரம் எங்கே விழுகிறது, அக்குளுக்குக் கீழே கிழிசலை எந்தக் கோணத்தில் தைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கைரேகை மாதிரி, ஜெர்சிக்கு ஜெர்சி மாறும். ஆட்டத்தன்று எடுத்த தெளிவான படத்தில் அதே தையல் தெரிந்தால் நம்பலாம். இதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்ட விற்பவர் தயங்கினால், அதுவே உங்களுக்குப் பதில்.

சரி, அசல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உதைக்கிறது. ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் ஏலத்தொகைக்கு மேல் 20 சதவீதம் அளவுக்குக் கட்டணம் வாங்குவது சகஜம். அதையும் மனதில் வைத்துத்தான் அவர் விலை கேட்பார், ஆக உங்கள் கைக்கு வருவது குறையும். டி.எஃப்.எஸ்.ஏ., ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற வரிச்சலுகை சேமிப்புக் கணக்குகளில் ஜெர்சியை வைக்கவும் முடியாது. கனடாவின் வரிச் சட்டத்தில் இது சொந்த உபயோகப் பொருள். 26,000க்கு விற்றால் 8,000 லாபத்தில் பாதி, வரி போடும் உங்கள் வருமானத்தோடு சேரும். 12,000க்குத்தான் போனது என்றால்? அந்த 6,000 நட்டத்தை எதிலும் கழிக்க முடியாது. லாபத்தில் அரசுக்குப் பங்கு, நட்டம் முழுக்க உங்களுக்கு! வீட்டுக் காப்பீடும் சேகரிப்புப் பொருள்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட, 30,000 சேமிப்பில் 18,000 ஒரே துணியில் முடங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. வேலை போனால் அதை ஒரு வாரத்தில் காசாக்க முடியாது. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள். மீதியில் 3,000 வரை ஆசைக்குச் செலவழியுங்கள், அதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். அணிகளே தங்கள் ஜெர்சிகளைச் சான்றிதழோடு விற்கின்றன. அவ்வளவு பெயர் வாங்காத, இப்போது ஆடும் கோலியின் ஜெர்சி அந்தத் தொகைக்குள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

‘இன்னொருவர் காத்திருக்கிறார்’ என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அவருக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.